குழந்தையிடம் மறைக்கலாமா?

நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் நடந்த சம்பவம் இது. வீட்டுத் தலைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் கூடி ஆலோசித்தார்கள். ஆறு வயதுப் பையனிடம், "அம்மா பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லிவிடுவதென்று தீர்மானம் ஆயிற்று. பையனும் தலையை ஆட்டினான். ஆனால் ஊரில் இருக்கவேண்டிய பாட்டியோ இங்கே சமையலறையில் அவனுக்குத் தோசை வார்த்துக் கொண்டிருந்தாள்!

அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி என்றான். ஒரு மாதம் கழித்து ஒருநாள் இரவு, பக்கத்தில் படுத்திருந்த அத்தையிடம் மெல்லக் கேட்டான்: "அன்றைக்கு நான் பந்தை அம்மா மேலே எறிந்து விட்டேனே, அதனால்தானே அத்தை அம்மாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது?"

ஒரு மாத காலம் அந்தப் பாரத்தை அந்தப் பிஞ்சு உள்ளம் தனியாகச் சுமந்திருக்கிறது! வீட்டில் எல்லோரும் தன்னிடம் பிரியமாக இருந்தபோதே சுமந்திருக்கிறது!

குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்குத் தெரியாதது வியாதியின் பெயர் ஒன்றுதான். அப்பாவின் முகவாட்டம், டெலிபோனில் தணிந்த குரல், தாங்கள் உள்ளே நுழைந்ததும் சட்டென்று நிற்கும் பேச்சு ஆகிய எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கின்றன. உண்மையை நாம் சொல்லாவிட்டால், அந்த இடத்தைக் கற்பனை நிரப்பிவிடுகிறது. சின்னஞ்சிறு குழந்தைகள் உலகத்தில் நடப்பதெல்லாம் தங்களால் நடப்பதாகவே எண்ணும் இயல்பினர். ஆகையால் அந்தக் கற்பனை, உண்மையைவிடக் கொடியதாகவே பெரும்பாலும் அமைகிறது.

பின் என்ன சொல்வது? நான்கு விஷயங்கள் போதும். முதலாவது, வியாதியின் பெயர். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், நாளைக்குத் தனக்கு ஜலதோஷம் வந்தாலும் குழந்தை நடுங்கும். இரண்டாவது, இது யாருடைய குற்றமும் அல்ல. நீ செய்ததனாலோ சொன்னதனாலோ வரவில்லை என்பது. குழந்தை கேட்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்குப் பல தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது, இது ஒட்டுவாரொட்டி அல்ல. அம்மாவைக் கட்டிக் கொள்ளலாம், மடியில் படுக்கலாம் என்பது. நான்காவது, நாளை முதல் தனக்குத் தலை பின்னுவது யார், பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது யார் என்பது. இந்த நான்காவதைப் பெரியவர்கள் அற்பம் என்று கருதுவார்கள். குழந்தைக்கோ அதுவே பெரிய கேள்வி.

சிகிச்சையைப் பற்றியும் முன்னதாகவே சொல்லி வைப்பது நலம். கீமோதெரபி மருந்துகள் பலவற்றால் தலைமுடி உதிரும். பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் மறுபடி வளரும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையினால் நோயாளியின் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வெளிப்படுவதில்லை. மருந்தினால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும் நாட்களில், இருமலும் ஜலதோஷமும் உள்ள குழந்தை சற்று விலகியிருக்க நேரலாம். அதன் காரணத்தைச் சொல்லாமல் விலக்கினால், அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்றே குழந்தை முடிவு கட்டிவிடும். வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

"அம்மா செத்துப் போய்விடுவாளா?" என்று ஒருநாள் கேள்வி வரும். அதற்கு "சீ, வாயை மூடு!" என்பது பதில் அல்ல. "ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் செய்து கொடுப்பதும் தவறு. "டாக்டர்கள் நல்ல மருந்து கொடுக்கிறார்கள். குணமாக வேண்டும் என்றுதான் எல்லோரும் பாடுபடுகிறோம். எது மாறினாலும் உன்னிடம் சொல்வேன்" என்பதே சரியான பதில். ஒருவேளை விபரீதம் நேர்ந்துவிட்டால், "தூங்குகிறாள்" என்று சொல்லவே கூடாது. அப்புறம் அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும்.

இந்த நோயின் பெயரைச் சொல்லவே நம் வீடுகளில் இன்னும் கூச்சம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அதன் பலனாகவே 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் வெளிப்படையாகப் பேசப்பட்டதால் நாட்டுக்கு ஆஸ்பத்திரியே கிடைத்தது என்றால், வீட்டிலுள்ள குழந்தைக்கு ஆறுதலாவது கிடைக்காதா? சத்தியத்தைத் தேசத்தின் சின்னத்திலேயே பொறித்து வைத்திருக்கிறோம். நம் வீட்டுக் கூடத்தில் மட்டும் அதற்கு இடமில்லை என்பது அழகாகுமா?

அந்தப் பையனை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று கேட்டான். "இல்லையடா கண்ணா" என்றாள். "பந்தினால் வந்ததா?" என்றான். "இல்லவே இல்லை" என்றாள். அன்று இரவு படுக்கை நனையவில்லை என்று அத்தை நம்மிடம் சொன்னாள்.