வாக்கி-டாக்கி யார் கையில் இருக்க வேண்டும்?

நகரத்தில் பெரிய அடுக்கு மாடிக் கட்டிடம் ஒன்று எழும்புகிறது. அதன் பக்கத்தில் ஒரு கிரேன் நிற்கிறது. கிரேன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொக்கு என்றும் ஒரு பொருள் உண்டு. பொருத்தமான பெயர்தான். ஒற்றைக் காலில் நிற்கும் ராட்சதக் கொக்கு!

அந்தக் கொக்கின் கழுத்தில் ஒரு சிறு கண்ணாடி அறை. அதற்குள் ஒருவர் உட்கார்ந்து இருக்கிறார். அவர்தான் கிரேன் டிரைவர்.

பத்து மாடி உயரத்தில் இருந்து பார்த்தால், கீழே நிற்கும் மனிதர்கள் எறும்பு போலத் தெரிவார்கள். சுவருக்கு மறுபக்கம் நிற்பவர்கள் தெரியவே மாட்டார்கள். ஆனால், டன் கணக்கில் இரும்புக் கம்பியைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்க வேண்டும். எப்படி?

கீழே ஒரு தொழிலாளி நிற்கிறார். அவர் கையில் செங்கல் அளவில் ஒரு கருவி. அதில் உள்ள பொத்தானை அழுத்திப் பேசுகிறார்.

"மெல்லத் தூக்கு... இன்னும் கொஞ்சம்... இடது பக்கம் திருப்பு... நிறுத்து!"

மேலே உள்ளவர் நிறுத்துகிறார். அவருடைய கண், கீழே நிற்கும் தொழிலாளிதான். அந்தக் கருவி நடுவில் ஊமையானால், பாரம் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கருவிதான் வாக்கி-டாக்கி. நடந்துகொண்டே பேசலாம் என்பதால் வந்த பெயர்.

கிரேன் அடியில் அது இருக்க வேண்டிய கையில் இருக்கிறது. வேறு பல தொழில் இடங்களில் அப்படி இல்லை. சூப்பர்வைசர் இடுப்பில் தொங்குகிறது. மானேஜர் மேஜையில் நிற்கிறது. ஆபத்தான வேலையைச் செய்கிறவர் மட்டும் கையைத் தட்டியும், விசில் அடித்தும், தொண்டை கிழியக் கத்தியும் ஆளைக் கூப்பிடுகிறார். இது தலைகீழான ஏற்பாடு என்பது என் கருத்து.

செல்போன் போதாதா?

"எல்லோரிடமும்தான் செல்போன் இருக்கிறதே! இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

செல்போனில் எண்ணைத் தேட வேண்டும். அழுத்த வேண்டும். மணி அடிக்க வேண்டும். அவர் எடுக்க வேண்டும். "வேறு ஒருவருடன் பேசிக்கொண்டு இருக்கிறார்" என்று ஒரு குரல் வந்தால், மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பாரம் அந்தரத்தில் தொங்கும்போது இதற்கு எல்லாம் நேரம் ஏது?

வாக்கி-டாக்கியில் ஒரே பொத்தான். அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். நீங்கள் பேசுவது, அதே அலைவரிசையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். பத்துப் பேருக்குப் பத்து தடவை சொல்ல வேண்டியது இல்லை. சாதாரண வாக்கி-டாக்கிக்குச் செல்போன் கோபுரமும் தேவை இல்லை. ஒரு கருவியில் இருந்து கிளம்பும் அலை, நேராக அடுத்த கருவிக்குப் போகிறது. கோபுரம் சாய்ந்த புயல் நாளிலும் அது பேசும்.

கல்யாண மண்டபத்திலேகூட இதைப் பார்க்கலாம். பெரிய சமையல் காண்டிராக்டர்கள் பந்தியில் ஒரு ஆள், சமையல் கட்டில் ஒரு ஆள் என்று வாக்கி-டாக்கியுடன் நிறுத்துவது உண்டு. "மூன்றாவது வரிசைக்கு ரசம்!" என்றால், ரசம் வந்துவிடும். ரசத்துக்கே அவ்வளவு அக்கறை என்றால், உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

வேலைக்காகப் பிறந்தது

வாக்கி-டாக்கி என்றதும் பலருக்குப் போலீசும் பட்டாளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அது பிறந்தது வேலைக்காக.

கனடா நாட்டில் டொனால்டு ஹிங்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனியின் விமானங்கள், ஆள் அரவம் இல்லாத காட்டுப் பகுதிகளுக்குப் பறந்து போகும். அங்கே இறங்க நேர்ந்தால், உதவிக்குக் கூப்பிட வழி வேண்டும். அதற்காக 1937-ம் ஆண்டில், கையில் எடுத்துச் செல்லக்கூடிய பேசும் ரேடியோ ஒன்றை அவர் செய்தார்.

அதன் பிறகுதான் உலகப்போர் வந்தது. பட்டாளம் அதைப் பிடித்துக்கொண்டது. 1943-ல் அமெரிக்க வீரர்கள் முதுகில் சுமந்த வாக்கி-டாக்கியின் எடை என்ன தெரியுமா? சுமார் 16 கிலோ! ஒரு மூட்டை சிமெண்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இன்று அது சட்டைப் பையில் அடங்குகிறது.

காது மூடினால் என்ன ஆகும்?

கருவி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கேட்கிற காது வேண்டும். இதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது டைட்டானிக் கப்பல்.

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு. டைட்டானிக் கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அந்தக் காலத்தில் அது மிக நல்ல கருவி. அதே கடலில், 20 மைலுக்குள், "கலிபோர்னியன்" என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

இரவு சுமார் 11 மணி. கலிபோர்னியன் கப்பலின் தந்திக்காரர், "எங்களைப் பனிக்கட்டி சூழ்ந்து இருக்கிறது" என்று டைட்டானிக்குக்குச் செய்தி அனுப்பினார்.

டைட்டானிக் தந்திக்காரர் அப்போது பயணிகளின் சொந்தத் தந்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டு இருந்தார். கட்டுக் கட்டாகத் தந்திகள்! நடுவில் வந்த செய்தி அவர் காதைத் துளைத்தது. "சும்மா இரு, எனக்கு வேலை இருக்கிறது" என்ற பொருளில் பதில் அனுப்பினார்.

கலிபோர்னியன் கப்பலில் தந்திக்கு ஒரே ஒருவர்தான். நாள் முழுவதும் வேலை பார்த்தவர். கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது!

அதன் பிறகு அது எழுப்பிய அபயக்குரல், பக்கத்தில் நின்ற கப்பலுக்குக் கேட்கவில்லை. சுமார் 58 மைல் தள்ளி இருந்த "கார்பாத்தியா" என்ற கப்பலுக்குக் கேட்டது. அதுவும் எப்படி? அதன் தந்திக்காரர் படுக்கப் போகும் நேரம். காதுக்கருவியை இன்னும் கழற்றவில்லை. அவ்வளவுதான். அந்தக் கப்பல் விரைந்து வந்து 700 பேருக்கு மேல் காப்பாற்றியது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள்.

1914-ம் ஆண்டில் பல நாடுகள் லண்டனில் கூடின. பெரிய பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி எழுதின.

தூங்கப் போன அந்தத் தந்திக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆளை வைத்து ராப்பகல் வேலையை முடிக்கப் பார்த்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

தமிழில் ஒரு ஆபத்து!

வாக்கி-டாக்கியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச முடியாது. இருவரும் பொத்தானை அழுத்தினால், கேட்பவருக்கு "கிர்ர்ர்" என்ற சத்தம்தான் மிஞ்சும். அதனால்தான் பேசி முடித்ததும் "ஓவர்" என்கிறார்கள். "நான் முடித்தேன், நீ பேசு" என்று அதற்குப் பொருள்.

நம் மொழியில் பேசும்போது இன்னும் ஒரு கவனம் வேண்டும். இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

தமிழில் "கூடாது" என்ற பொருள் சொல்லின் வாலில் வருகிறது. "தூக்கு" என்றால் தூக்க வேண்டும். "தூக்காதே" என்றால் தூக்கக் கூடாது. அவசரத்தில் பொத்தானைச் சற்று முன்னால் விட்டுவிட்டால் என்ன ஆகும்? வால் அறுந்துவிடும்! "தூக்கா" என்று கேட்கும். மேலே இருப்பவர் தூக்கிவிடுவார்.

"வேண்டும்", "வேண்டாம்" என்ற சொற்களும் அப்படித்தான். இயந்திர இரைச்சலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் "வேண்டாம்", "செய்யாதே" என்று சொல்லக் கூடாது. "நிறுத்து!" என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

எண்களிலும் சிக்கல் உண்டு. இருபது, அறுபது, எழுபது. மூன்றும் வாலில் ஒரே மாதிரி ஒலிக்கும். "இரண்டு, சைபர்" என்று பிரித்துச் சொன்னால் தவறு வராது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குக் கூச்சப்படக் கூடாது. ரெயிலில் முன்னால் என்ஜின் டிரைவரும், அரை கிலோ மீட்டருக்கும் பின்னால் கார்டும் இருக்கிறார்கள். (2022-ம் ஆண்டு முதல் கார்டுக்கு "ரெயில் மானேஜர்" என்று பெயர்.) ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது அங்கே வழக்கம். கொடியும் விளக்கும் விசிலும் மட்டும் இருந்த காலத்தில், வளைவில் நிற்கும் வண்டியில் ஒருவரை ஒருவர் பார்ப்பதே கஷ்டம்.

கடலுக்குப் போன குரல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மீனவர் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பதில் சூரர்கள். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள்.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, கன்னியாகுமரி அருகே ஒக்கி புயல் வந்தது. ஒரே நாளுக்குள் அது புயலாக வலுத்துவிட்டது. கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால், அதற்கு முன்பே போய்விட்டவர்களுக்கு அது எட்டவில்லை.

படகுகளில் வயர்லெஸ் இல்லாமல் இல்லை. கடலில் 16-ம் எண் அலைவரிசை, ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. ஆனால், அந்த அலை டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். பூமியோ உருண்டை. சில பத்து கிலோ மீட்டர் போனதும் கடலின் வளைவு மறைத்துவிடும். கரையில் இருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது.

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. பல வீடுகளுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு, செயற்கைக்கோளைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். 2019-ல் "ஜெமினி" என்ற சிறு கருவி வந்தது. அது வானத்தில் இருந்து புயல் செய்தியை வாங்கி, மீனவரின் செல்போனில் காட்டும். நல்ல கருவி. ஆனால், அது வாய் இல்லாத காது. மீனவர் பதிலுக்குப் பேச முடியாது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேறு ஒரு திட்டம் தொடங்கியது. ரூ.364 கோடி செலவில், 1 லட்சம் மீன்பிடி படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி இலவசமாகக் கொடுக்கும் திட்டம். அதில் கரையில் இருந்தும் செய்தி போகும். படகில் இருந்தும் செய்தி வரும். இதைத்தான் நான் வரவேற்கிறேன். "எஞ்சின் நின்றுவிட்டது, இந்த இடத்தில் மிதக்கிறோம்" என்று படகில் இருப்பவர் சொல்ல முடிந்தால்தான் காப்பாற்றப் போகிறவர் எங்கே போவது என்று அறிவார்.

சாட்டையாக ஆகிவிடக் கூடாது

கடலுக்குச் சொன்னதுதான் ஆலைக்கும்.

தொழிலாளிகள் சிலருக்கு வாக்கி-டாக்கி என்றாலே பிடிக்காது. காரணம் இருக்கிறது. "எங்கே இருக்கிறாய்? என்ன செய்கிறாய்? இன்னுமா முடியவில்லை?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதட்டல் வந்தால், யாருக்குத்தான் பிடிக்கும்? சாப்பிடும்போதும் இடுப்பில் கத்திக்கொண்டே இருந்தால், அது கருவி அல்ல, சாட்டை.

முதலாளிகளுக்கும் ஒரு பயம் உண்டு. எல்லோரிடமும் கொடுத்தால் ஊர்க்கதை பேசுவார்கள், பாட்டரி வீணாகும் என்கிறார்கள். முதல் வாரம் பேசுவார்கள்தான். எல்லோருக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் தானாக அடங்கும்.

செலவும் பெரிது அல்ல. 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டியது இல்லை. மற்றவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். கண்ட கருவியை வாங்கிக் கண்ட அலையில் பேசினால் குற்றம்.

இடமும் பார்க்க வேண்டும். பெட்ரோல், எரிவாயு உள்ள இடத்தில் சாதாரணக் கருவி ஆகாது. அங்கே தீப்பொறி எழாதபடி செய்த தனி வகை வேண்டும். இரும்புத் தொட்டிக்குள் அலை சரியாகப் போகாது. அங்கே வாசலில் ஒரு ஆளும், இறங்கியவர் இடுப்பில் ஒரு கயிறும் கட்டாயம்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, ஒரு ஆலையில் நாலே நாலு வாக்கி-டாக்கிதான் வாங்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுப்பது?

என்னைக் கேட்டால், முதல் கருவி தனியாக வேலை செய்கிறவருக்கு. பாய்லர் பக்கம் நிற்பவருக்கு ஒன்று. உயரத்தில் ஏறுகிறவருக்கு ஒன்று. இரவு முழுவதும் ஒற்றை ஆளாகச் சுற்றி வரும் வாட்ச்மேனுக்கு ஒன்று. நாலாவது, இவர்கள் கூப்பிட்டால் உடனே கேட்டு ஓடி வருகிறவருக்கு. மானேஜரிடம்தான் டெலிபோன் இருக்கிறதே!

வாட்ச்மேன் பெரும்பாலும் வயதானவர். அவரை அரை மணிக்கு ஒரு முறை கூப்பிட வேண்டும். "பெரியவரே, சவுக்கியமா?" என்று கேட்டால் போதும். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால், விடியட்டும் என்று இருக்காமல், அந்த நிமிடமே ஒரு ஆள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.