பனிக்காலத்தில்தான் கோடைத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும்



மாரி ஓய்ந்துவிட்டது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் இருக்கிற நாம் அதைப் போர்வைக்குள் இருந்தே ஒத்துக்கொள்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் உறவுகளுக்கு இது குளிரே இல்லை. விடியற்காலையில் 22, 23 பாகை செல்சியஸ்தானே! ஆனாலும் நமக்கு ஆண்டில் கிடைக்கும் சுகமான நாட்கள் இவைதான். கிணறும் கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்து நிற்கிறது.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆடி, ஆவணியில் வாளி அடியில் தட்டும்போது தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி எல்லோரும் எழுதுவோம். அப்போது சேமிக்க என்ன இருக்கும்? பேச வேண்டிய காலம் இதுதான்.

நம் தீவுகளில் ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் ஆண்டின் பெரும்பங்கு. அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் பாரம் கூடியது, அதனால்தான் இப்படி மிதக்க முடிகிறது. இதற்குக் கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அதன் கணக்கு. நம் ஊரில் பல இடங்களில் அந்தப் படை மிக மெல்லியது. ஆனால் விகிதம் மாறாது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்.

துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. மோட்டார் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. ஒரேயடியாக இறைக்கும்போது உப்புநீர் கிணற்றடியில் கூம்புபோல மேலெழும்புகிறது. ஒருமுறை உவரான கிணறு பழைய நிலைக்கு வர அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும். சிலவேளை அதுவும் போதாது.

"கடல்நீரை நன்னீராக்கும் திட்டம் வந்துவிட்டதே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாளையடியில் 2024 ஆகஸ்டில் அப்படி ஒரு நிலையம் திறக்கப்பட்டது உண்மைதான். நல்ல விடயம், வரவேற்போம். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும், பணம் வேண்டும். குழாய்த் தண்ணீர் நம் தாகத்தைத் தீர்க்கலாம். ஆடு மாடுகளுக்கும், முற்றத்துத் தென்னைக்கும், நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் நிலத்தடி நீரை விட்டால் வேறு கதி இல்லை.

2026இல் நோன்பு பெப்ரவரி நடுப்பகுதியில் வருகிறது. அடுத்த சில ஆண்டுகளும் பனிக்காலத்தில்தான் வரும். பள்ளிவாசலில் ஐவேளையும் தராவீஹுக்கும் ஆட்கள் கூடும் மாதம் அது. ஓடும் ஆற்றங்கரையில் வுழூ செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. ஆறே இல்லாத தீவில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வுழூ செய்வது எப்படி நியாயமாகும்? பள்ளிவாசல் நிர்வாகங்கள் குழாயின் வேகத்தைக் குறைக்கட்டும். வுழூத் தண்ணீர் வாய்க்கால் வழியாக மரங்களுக்குப் போகட்டும்.

கோயில், விகாரை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இதே வேண்டுகோள்தான். நாகபூசணி அம்மனுக்கும் நாகதீப விகாரைக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேறி வருகிற அத்தனை பேரும் நம் விருந்தினர்கள். அவர்கள் குடிப்பதற்கும் கை கால் கழுவுவதற்கும் தண்ணீர் வேண்டும்.

வீடுகளில் மோட்டாரை விட்டுவிட்டுப் போடுங்கள். முற்றம் கழுவ வாளி போதும். பாடசாலைகளில் பெரிய செலவில்லாமல் ஒரு வேலை செய்யலாம். ஆசிரியர் ஒருவர் கூட நிற்க, பிள்ளைகள் அடையாளமிட்ட கயிற்றை இறக்கி, வாரம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து சுவரில் எழுதட்டும். விஞ்ஞானமும் கணிதமும் அதிலேயே இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் அந்த எண் இறங்குவதைத் தன் கையால் எழுதிய பிள்ளை, வீட்டில் மோட்டார் வீணாக ஓடினால் தானே போய் நிறுத்தும்.

குளங்களும் கேணிகளும் வற்றும்போது தூர்வார வேண்டும். அதற்கு ஊர்க் கூட்டம் இப்போதே கூட வேண்டும். சோளகம் பெயர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் இவற்றைச் செய்து முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் எந்தக் கிணறு இன்னும் நன்னீராக இருக்கிறது, எந்தக் கேணி தூர்ந்து கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஒரு பட்டியலாகச் சேர்த்துப் பிரதேச சபையிடம் கொடுப்போம்.