தகவலாளி என்றொரு பாடகர்

தமிழ் இலக்கிய வாசகர்கள் உலக இசையைப் பற்றிப் பேசக் கூசுவதில்லை. மாலி நாட்டின் கிரியோட்டுகள் சுந்தியாட்டாவின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருவதைப் பற்றி நம் சிற்றிதழ்கள் எழுதியிருக்கின்றன. பாப் டிலனுக்கு 2016இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பாடல் இலக்கியமாகுமா என்று ஒரு மாதம் முழுக்க விவாதித்தோம். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் காங்கேயத்தைச் சுற்றிய ஊர்களில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடிய கலைஞர்களின் குரலைப் பற்றி, அவர்களின் தாளத்தைப் பற்றி, நம் விமரிசகர்கள் எழுதியவற்றைத் தொகுத்தால் எத்தனை பக்கம் தேறும்? கதையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் கேட்பது பாட்டைப் பற்றி.

கொங்கு நாட்டின் மரபிசை தேய்ந்ததற்குச் சினிமாவைக் காரணம் சொல்வது வழக்கம். கோவைப் பக்கத்துத் திருவிழாக்களில் புகுந்த செண்டை மேளத்தைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. என் தரப்பு வேறு. முதற்பொறுப்பைத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும். பாட்டைச் சேகரிப்பதாகச் சொல்லிப் பாட்டிலிருந்து இசையை உரித்தெறிந்தவர்கள் அவர்களே. அத்துறை ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

எந்தக் கல்லூரி நூலகத்திலும் 'நாட்டுப்புறப் பாடல்கள்: ஓர் ஆய்வு' என்ற அமைப்பிலான ஆய்வேடுகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். எம்.ஃபில். பட்டமே 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளோடு முடிந்துபோயிற்று. ஏடுகள் மட்டும் இருக்கின்றன. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தொழிற்பாடல் என இயல்கள் பிரிந்திருக்கும். உவமை, உருவகம், சமுதாயச் செய்தி எல்லாம் எண்ணிக் காட்டப்பட்டிருக்கும். பாட்டு எந்தச் சுருதியில் தொடங்கியது, எந்த நடையில் போயிற்று, எந்த இடத்தில் மூச்சு வாங்கிற்று என்பதற்குப் பெரும்பாலானவற்றில் ஒரு வரி கிடையாது. பாடியவர் எங்கே? பின்னிணைப்பில். பெயர், வயது, ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்ற விவரத்தோடு 'தகவலாளி' என்று. ஐந்தாறு மணி நேரக் கதையை மனத்தில் வைத்து, கூட்டத்தின் முகம் பார்த்து நீட்டியும் குறுக்கியும் பாடத் தெரிந்த ஒரு கலைஞருக்கு நாம் கொடுத்த பட்டம் அது. தாசில்தார் அலுவலகத்திலும் தகவல் கொடுக்கிறார்கள்.

ஹங்கேரியின் பேலா பார்டோக் 1906 வாக்கிலேயே கிராமம் கிராமமாக எடிசனின் மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். குடியானவப் பெண் ஒருத்தியின் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிச் சறுக்குகிறது என்பதைக் கூடச் சுரக்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் இசைமேதை, தமிழ் ஆசிரியர்கள் அப்படியல்லர் என்று பதில் வரலாம். சரி, இசைமேதை அல்லாத ஒருவரைப் பார்ப்போம். மில்மன் பாரி கிரேக்க இலக்கியப் பேராசிரியர். ஹோமரின் காவியங்கள் வாய்மொழியாகத்தான் உருவாகியிருக்க வேண்டும் என்ற தம் கருத்தைச் சோதிக்க 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், கூஸ்லே என்ற ஒற்றை நரம்புக் கருவியோடு பாடும் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவுசெய்தார். அவர்களுள் அவ்தோ மெஜெதோவிச் எழுத்தறியாத இறைச்சிக்கடைக்காரர். 1935இல் 12,000 வரிகளுக்கு மேற்பட்ட ஒரு கதைப்பாடலைச் சொன்னவர். ஆல்பர்ட் லார்ட் 1960இல் எழுதிய நூல் வழியாக அவர் பெயர் உலகறிந்த பெயராயிற்று.

இந்தக் கோட்பாடு தமிழுக்கும் வந்தது. க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலில், பாரியும் லார்டும் தந்த அளவுகோலால் சங்கப் பாடல்களை அளந்தார். அது பெரிய நூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாணர்களின் வாய்மொழித் தன்மையைப் பற்றித் தமிழ்த்துறைகளில் கருத்தரங்கு மேல் கருத்தரங்கு நடந்தது. பால்கன் மலைப்பாடகனைச் சான்று காட்டி ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாணனை ஊகித்தோம். இடையில், பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், உடுக்கையோடு உயிருள்ள பாடகர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் போனவர் வெளிநாட்டிலிருந்து வந்த பிரெண்டா பெக். 1960களின் நடுவில் காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த அவர், அண்ணன்மார் கதையை முழுமையாக ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் நிதானமாகச் சொல்லி எழுதவைத்த வடிவத்தையும் தனியே வாங்கிக்கொண்டார். கூட்டத்தின் முன் பாடியதும் எழுத்தருக்காகச் சொன்னதும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டார். 1982இல் வெளிவந்த அவருடைய நூலின் பலம் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. அவர் முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பாட்டு வேறு, பிரதி வேறு என்ற அடிப்படையை அவர் கண்டுகொண்டார்.

அந்த வேறுபாடு என்ன? உடுக்கையை எடுத்துக்கொள்வோம். இடை சிறுத்த சிறு கருவி. இரண்டு முகத்துத் தோலையும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிறுகள் அந்த இடையில் சேர்கின்றன. இடக்கை அந்தக் கயிறுகளைப் பற்றியிருக்கும். அழுத்தினால் தோல் இறுகி நாதம் மேலேறும், தளர்த்தினால் இறங்கும். ஆகவே வலக்கை விரல்கள் தாளத்தைத் தரும்போதே இடக்கை ஒரு குரலையும் தருகிறது. பாடகர் வசனமாகக் கதை சொல்லும்போது உடுக்கை ஒதுங்கி நிற்கும். வசனம் பாட்டாக மாறப்போவதை முதலில் அறிவிப்பது அதுதான். பின்பாட்டுக்காரர் வரியை வாங்கித் திருப்பிப் பாடும் இடைவெளியில் அடுத்த வரி உருவாகிறது. படுகளத்தில் பொன்னரும் சங்கரும் மடியும் கட்டம் வரும்போது அடி நெருங்குகிறது, நாதம் ஏறுகிறது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து விழுகிறார்கள். அச்சிட்ட கதைப்பாடலில் அந்தப் பக்கத்தைப் படித்து யாரும் விழுந்ததில்லை. இசைதான் அங்கே வினைபுரிகிறது. அதை விட்டுவிட்டு 'சடங்கியல் கூறுகள்' என்று இயல் எழுதுவது, சமையலை மணக்காமல் விவரிப்பது போன்றது.

கதைக்கு ஒரு குறையும் நேரவில்லை. சக்திக்கனல் அதைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று நாவலாக்கினார். 2011இல் அது இளையராஜாவின் இசையில் திரைப்படமாயிற்று. பெக்கின் முயற்சியில் அசைபடத் தொடராகவும் வந்தது. ஒவ்வொரு பெயர்ப்பிலும் கதை கொழுத்தது, உடுக்கை மெலிந்தது. இன்னொருவரும் மெலிந்தார். அண்ணன்மாருக்கு உற்ற துணையாக நிற்கும் சாம்புவன் பறையர் குலத்து வீரன். சாதிப் பெருமை பேசும் மேடைகள் இரண்டு அண்ணன்மாரையும் எடுத்துக்கொள்கின்றன. சாம்புவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. கதையையே பிரதியாக மட்டும் படிக்கப் பழகிய நம் விமரிசனமும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

வள்ளி கும்மி பெருகியிருக்கிறதே என்று நண்பர்கள் மடக்குவார்கள். உண்மை. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியின் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆண்கள் ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். கொங்குப் பகுதியின் ஊர்களில் சிறுமிகள் ஒரே காலடியில் சுழல்வதைப் பார்க்கும்போது ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் சில மேடைகளில் அந்தப் பெண்பிள்ளைகளைக் கொண்டு சொந்தச் சாதிக்குள்தான் மணம் முடிப்போம் என்று உறுதிமொழி எடுக்கவைத்ததும் செய்தியாக வந்ததே! குறவர் மகளைக் காதலித்து மணந்த முருகனின் கதையைப் பாடி ஆடியபின் அந்த உறுதிமொழி. பாட்டின் சொல்லையும் கேட்கவில்லை, இசையையும் கேட்கவில்லை, கூட்டத்தின் தலைகளை மட்டும் எண்ணுகிறார்கள்.

செண்டையைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் 1930இல் கலாமண்டலம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் வள்ளத்தோள் என்ற கவிஞர். செண்டையும் மத்தளமும் அங்கே பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்பட்டன. அந்த வாத்தியம் நம் கல்யாண மண்டபம்வரை வந்திருக்கிறது என்றால், அதன் பின்னால் ஆசானும் மாணவனும் சாதகமும் இருக்கின்றன. உடுக்கைக்கு அப்படி ஒரு கூரையை நம் கவிஞர்களில் யார் போட்டார்கள்?

தமிழாசிரியருக்கு இசை எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடை தவறாமல் முத்தமிழ் என்று முழங்குகிறவர்களும் அவர்களே. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பையூரர். அரங்கேற்று காதை உரையில் 31 தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். உடுக்கை அதில் உண்டு. கருவிகளை உத்தமம், மத்திமம், அதமம் என்று தரம் பிரித்தும் வைக்கிறார். அந்தத் தராசோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அவர் தரம் பிரிப்பதற்கு முன் பெயர் தெரிந்துவைத்திருந்தார். 1987இல் லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் மதுக்கடை மாடியில் கூடி, கடை அலமாரியில் எங்கே வைப்பது என்று தெரியாத எல்லாவற்றுக்கும் 'உலக இசை' என்ற சீட்டை ஒட்ட முடிவெடுத்தார்கள். நம்முடைய 'நாட்டுப்புறம்' என்ற சொல்லும் அதே வகைச் சீட்டுதான். கொங்கு வட்டாரத்துச் சொற்களுக்குப் பெருமாள்முருகனின் அகராதி 2000இல் வந்தது. கொங்கு வட்டாரத்து நடைகளுக்கும் மெட்டுகளுக்கும் அப்படி ஒன்றைத் தொகுக்க இன்று கைப்பேசி போதும். இசை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆய்வுக்காகப் பதிந்த ஒலிநாடாக்கள் ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டுப் பீரோக்களில் கிடக்கின்றன. வரிகளை எழுதிக்கொண்டதும் அவற்றின் வேலை முடிந்துவிட்டது என்று போட்டுவைத்தவை. பூஞ்சை பிடித்தவற்றையும் துடைத்து ஓடவைக்கத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்குகள் கோவையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வீரப்பூர் மாசித் திருவிழாவுக்குப் பாடகர்கள் கிளம்புமுன் அந்தப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருப்பது யாருடைய குரல் என்று அவர்களிடமே கேட்கலாம்.