நம்பியார் இல்லாத எம்.ஜி.ஆர். படம்

பழவேற்காட்டு டீக்கடையில் கைகலப்பு வர என்னென்ன காரணங்கள் இருக்க முடியும்? இறால் விலை, அரசியல், கிரிக்கெட், அப்புறம் பாட்டுத் தகராறு. (சினிமாப் பாட்டு அல்ல சார். ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்களே, அந்தப் 'பாடு'.)

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவை எதுவுமே இல்லாமல் ஒரு டிராகனுக்காகச் சண்டை வர இருந்தது.

நான் அன்றைக்கு ஊருக்குப் போனது வேறு காரியமாக. ஆபீஸில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட கோஷ்டி ஒன்று இருக்கிறது. "உங்க ஊர்ல பெரிய ஏரி இருக்காமே, பூநாரை வருதாமே, போட்டிங் கூட்டிட்டுப் போயேன்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். "எங்க சித்தப்பாவே படகு வச்சிருக்கார்!" என்று நான் அளந்துவிட்டேன். மானேஜர் எதிரில் வேறு சொல்லித் தொலைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் ரெடி. சித்தப்பாவிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் அமெரிக்கா உட்கார்ந்திருந்தது. அதாவது என் அத்தை மகன். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம், லீவில் வந்திருந்தான். பக்கத்தில் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். எதிரே என் சித்தப்பா, கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டபடி. டீ மாஸ்டர் வழக்கம்போல் நடுவர்.

"என்னடா மச்சான், முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்றேன்.

"டிராகனை எடுத்துட்டாங்கடா" என்றான்.

ஏதோ கல்யாண வீட்டில் நகை போன மாதிரி ஒரு குரல்.

*

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் இருக்கிறது. 1955-ல் திறந்தது. அங்கே ராத்திரி நேரத்தில் 'ஃபான்டாஸ்மிக்' என்று ஒரு காட்சி. 1992 மே 13-ல் ஆரம்பித்தார்கள். பூங்காவுக்குள்ளேயே ஒரு ஆறு, ஆற்றின் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவுதான் மேடை. தண்ணீரை விசிறி மாதிரி பீய்ச்சி அடித்து, அந்தத் தண்ணீர்த் திரையிலேயே படம் காட்டுவார்கள். கப்பல் வரும், வாணம் வெடிக்கும். மிக்கி மவுஸ் தூங்கிப்போய்க் கனவு காண்கிறது. கனவுக்குள் வில்லன்கள் புகுந்துவிடுகிறார்கள். கடைசியில் மாலிஃபிசென்ட் என்ற சூனியக்காரி டிராகனாக மாறி நெருப்பைக் கக்க, மிக்கி அதை ஜெயிக்க, சுபம்.

2009-ல் 45 அடி உயரத்தில் புது டிராகன் கொண்டுவந்தார்கள். நம் கணக்கில் நாலு மாடி வீடு. கோடைக்கே வரவேண்டியது, ரிப்பேர் மேல் ரிப்பேராகி செப்டம்பர் 1-ஆம் தேதிதான் மேடை ஏறியது. ரசிகர்கள் உடனே அதற்கு 'மர்ஃபி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதெல்லாம் கெட்டுப்போக முடியுமோ அதெல்லாம் கெட்டே தீரும் என்பது மர்ஃபி விதி. ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2023 ஏப்ரல் 22, சனிக்கிழமை ராத்திரி. மர்ஃபி வழக்கம்போல் நெருப்பைக் கக்கவேண்டிய கட்டம். கக்கிய நெருப்பு தன் தலையிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் 45 அடியும் கொழுந்துவிட்டு எரிகிறது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று முதலில் நினைத்துக் கைதட்டியவர்களும் இருந்திருப்பார்கள். தீவில் இருந்த கலைஞர்களை வெளியேற்றினார்கள். சில ஊழியர்களுக்குப் புகையால் மூச்சுத் திணறல். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. மற்ற ஊர் டிஸ்னி பூங்காக்களிலும் அதுமாதிரியான நெருப்பு வித்தைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள்.

பதிமூன்று மாதம் காட்சி இல்லை. 2024 மே 24-ல் திரும்ப ஆரம்பித்தார்கள். பழைய பீட்டர் பான் கப்பல் சண்டையெல்லாம் மறுபடி வந்தது. டிராகன் மட்டும் வரவில்லை. சூனியக்காரி சூனியக்காரியாகவே நின்று மிக்கியோடு மோதுகிறாள்.

அங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். "டிராகன் இல்லாமல் என்ன ஃபான்டாஸ்மிக்?" என்று ஒரு கட்சி. "திரும்ப வந்ததே பெரிசு, பேசாமல் பார்" என்று இன்னொரு கட்சி. மச்சான் முதல் கட்சியில் ஆயுள் மெம்பர்.

*

"நம்பியார் இல்லாத எம்.ஜி.ஆர். படம்டா அது!" என்று பெஞ்சைத் தட்டினான். டீ சிந்தியது. "வாத்தியார் வாளை உருவிக்கிட்டு வந்து யாரோட சண்டை போடுவாரு? கைட்டோடயா?"

தமிழ் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பாக்கறோம். யானை முகம், சிங்க முகம்னு சூரன் தலையை மாத்தி மாத்திக்கிட்டு வர்றான். ஜனங்க கடற்கரையில லட்சக்கணக்குல நிக்கறது எதுக்கு? சூரன் எப்படி வர்றான்னு பாக்கத்தான். இந்த வருஷம் சூரன் வரமாட்டான், முருகன் மட்டும் வேலை எறிவாருன்னா யாரு ஒத்துக்குவா?"

"அப்படிப் போடுங்க சார்!"

"ஆனா" என்று வாத்தியார் விரலை உயர்த்தினார். வாத்தியார்களுக்கு எப்போதும் ஒரு ஆனா இருக்கும். "கேரளத்துல பரவூர் புற்றிங்கல் கோயில்ல 2016 ஏப்ரல் 10-ஆம் தேதி விடியக்காலை வாணவேடிக்கைப் போட்டி. உன் வெடி பெரிசா, என் வெடி பெரிசான்னு. குவிச்சு வச்சிருந்த வெடியில தீ விழுந்து நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. அவங்களும் வேடிக்கை பாக்க வந்தவங்கதான்."

"அது பர்மிஷன் இல்லாம நடந்தது சார். இது டிஸ்னி. இஞ்சினீயருங்க இருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே! புதுசா ஒரு டிராகன் செய்யறதுக்கு அவங்ககிட்ட காசா இல்ல?" மச்சானின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் பையனுக்கு அஞ்சு வயசு. டிராகன் காட்டறேன்னு ரெண்டு வருஷமா சொல்லி வச்சு கூட்டிட்டுப் போனேன். மூணு மணி நேரம் தரையில போர்வை விரிச்சு இடம் பிடிச்சோம். கடைசியில 'எங்கேப்பா டிராகன்?'னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது?"

(அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் ஆனாலும் உணர்ச்சிவசப்பட்டால் 'இன்னா' வந்துவிடுகிறது.)

டீ மாஸ்டர் தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் சித்தப்பா வலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பையன் வூட்டுக்கு வந்து சோறு துன்னானா?"

"என்ன மாமா?"

"ஆட்டம் முடிஞ்சு வூட்டுக்கு வந்து புள்ள நல்லா சோறு துன்னு தூங்குச்சா?"

"தூங்கினான்."

"அப்புறம் இன்னாத்துக்குடா சண்டை?" என்று சொல்லிவிட்டு மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

*

எனக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. "சித்தப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஆளுங்க எட்டுப் பேர் வர்றோம். நம்ம படகுல ஒரு ரவுண்டு..."

அவர் கை நின்றது.

சித்தப்பா ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டூரிஸ்ட் ஏற்றிக்கொண்டிருந்தவர். சின்ன வயதில் நானும் முன்பக்கம் தொற்றிக்கொண்டு போவேன். ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை தலையை எண்ணுவார். "சித்தப்பா, நடுவுல யாராவது இறங்கிப் போயிடுவாங்களா என்ன?" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், ஞாயிற்றுக்கிழமை. பிக்னிக் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. அது சித்தப்பாவின் படகு இல்லை. ஆனால் தேடப் போன படகுகளில் அவருடையதும் ஒன்று. டூரிஸ்ட் படகுக்கு அதன்பிறகு தடை போட்டார்கள். தடை வருவதற்கு முன்பே, அன்றைக்கு ராத்திரியே சித்தப்பா விட்டுவிட்டார். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பேசினார்.

"ஏரி பாக்க சாது மாதிரி இருக்கும். பாதி எடத்துல இடுப்பளவுதான் தண்ணி. முகத்துவாரம் அப்படி இல்ல. கடலு உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம் ஓட்டம் இழுக்கும். எங்களுக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியாது. அவங்க இன்னா கேப்பாங்க? 'அண்ணே, இன்னும் கொஞ்சம் கடல் கிட்ட போங்க.' 'அண்ணே, இன்னும் ரெண்டு பேருதானே, ஏத்திக்குங்க, குழந்தைங்க அரை டிக்கெட்டுதானே.' அரை டிக்கெட் கணக்கு தண்ணிக்குத் தெரியாதுடா."

யாரும் பேசவில்லை.

"நானும் ஏத்தியிருக்கேன். நாலு பேரு ஏத்தற எடத்துல ஆறு பேரை. முகத்துவாரம் வரைக்கும் போய்த் திருப்பியிருக்கேன். கை தட்டுவாங்க. நூறு ரூபா சேத்துக் குடுப்பாங்க. அன்னிக்கி கவுந்தது என் படகு இல்ல, அவ்வளவுதான்."

மச்சான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன்டா" என்றார் சித்தப்பா அவனைப் பார்த்து. "ஆட்டத்தை மூடிட்டுப் போவல. நெருப்பை எடுத்துட்டு ஆட்டத்தை வுட்டான் பாரு. பாக்கறவன் கேக்கத்தான் செய்வான், இன்னும் பெரிசா வேணும், இன்னும் கிட்ட வேணும்னு. பாக்கறவனுக்கு அதுதான் வேலை. இல்லன்னு சொல்றதுதான் காட்டறவன் வேலை. எனக்கு அன்னிக்கி அது தெரியல."

"அப்ப நம்ம ஊர்லயும் முறைப்படி மறுபடி விடலாமே மாமா?" என்றான் மச்சான். சற்றுமுன் டிராகனுக்காகக் கொடி பிடித்தவனா இவன் என்று இருந்தது.

"வுடலாம். சர்க்கார் சீட்டு குடுக்கட்டும். ஒவ்வொரு தலைக்கும் ஜாக்கெட், இத்தினி பேருதான்னு கணக்கு, முகத்துவாரம் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. அப்படின்னா மொத ஆளா நான் வர்றேன். அது வரைக்கும்..." என்னைப் பார்த்தார். "ஆபீஸ் ஆளுங்கள கூட்டியா. உங்க சித்தியை நண்டுக் குழம்பு வைக்கச் சொல்றேன்."

டீ மாஸ்டர், "தீர்ப்பு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கேட்டார். சிந்தின டீக்கும் சேர்த்து.

*

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரும் போனோம். டச்சுக்காரர்களின் கல்லறையைக் காட்டினேன். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர், ஆடிட்டிங் முடிந்த மறுநாள் தானும் இப்படித்தான் இருப்பதாகச் சொன்னார். கரையில் நின்றபடியே பைனாகுலரில் பூநாரைகளைப் பார்த்தோம். தூரத்தில் தண்ணீர் மேல் ரோஸ் கலர் பென்சிலால் கோடு போட்ட மாதிரி. திடீரென்று அந்தக் கோடு எழுந்து பறந்தது. ஒரு நிமிஷம் எட்டுப் பேரும் பேசவில்லை. எங்கள் கோஷ்டியில் இது சரித்திர நிகழ்ச்சி.

சித்தியின் நண்டுக் குழம்பில் முக்குளித்துக்கொண்டிருந்தபோது அக்கவுன்ட்ஸ் நண்பர் ஆரம்பித்தார். "எல்லாம் சரிப்பா. போட்டிங்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தே. ஏரிக்கு வந்து போட்ல போகலேன்னா எப்படி?"

"நம்பியார் இல்லாத எம்.ஜி.ஆர். படம் மாதிரி" என்றேன்.

"கரெக்ட்!"

"படம் எப்படி?"

அவர் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "ஓடும்" என்றார்.

சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷன். ரயில் வருவதற்கு முன் என்னையறியாமல் கோஷ்டியை எண்ணினேன். ஏழு. வயிற்றில் ஏதோ புரண்டது. பதறிப்போய் மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஏழு.

"என்னடா எண்றே?" என்றார் நண்பர்.

அப்புறம்தான் தெரிந்தது. பரமார்த்த குருவின் சீடன் மாதிரி, என்னை எண்ண மறந்திருந்தேன்.

எட்டு.