அவருக்காக யார் கையெழுத்துப் போடுவது?

வாலாஜாபாத்தில் ஒரு பட்டு நெசவாளர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நினைவு இருந்தால் பணம் எடுக்க வழி உண்டு. கைநாட்டு வைக்க முடியாதவரின் கால் விரல் ரேகையையே வங்கி ஏற்கலாம். வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். நினைவே தப்பிவிட்டால்? கூலி சேர்ந்த கணக்கும் வீட்டுப் பத்திரமும் அவர் பெயரில் இருக்கின்றன. இத்தனை காலம் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த மனைவியால், மருத்துவச் செலவுக்காகக்கூட அந்த வீட்டை அடகு வைக்க முடியாது.

முன்கூட்டியே ‘பவர்’ எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. எழுதியவர் புத்தி சுவாதீனம் இழந்ததுமே, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லாது.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்கலாமே என்பார்கள். ஆனால், அந்தக் குழுவை அமைக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தரும் நியமனப் பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. சொத்தைக் கவனிக்க ஆள் நியமிக்கும் வழி 1987ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டம் ரத்தானபோது அந்த வழியும் போயிற்று.

மிஞ்சியது உயர் நீதிமன்றம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கவனிக்க அனுமதி கேட்ட பெண்ணை, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி. 2024இல் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அந்த உத்தரவை மாற்றி, மனைவியையே பாதுகாவலராக்கியது. சொத்தை விற்கலாம், ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால், இரண்டு சுற்று வழக்குக்கு எத்தனை நெசவாளர் குடும்பங்களால் தாக்குப்பிடிக்க முடியும்?

அந்தப் பெண்ணாவது இருந்தார். ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ என்று மாற்றுத்திறனாளி மகனைக் காட்டிக் கேட்கும் வயதான பெற்றோருக்கு என்ன பதில்? சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் இயங்குகிறது. சுயநினைவு போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரத்தை அங்கே முன்னதாகவே எழுதிப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் அப்படி ஓர் அலுவலகம் தேவை; யாருமற்றவருக்கு அதுவே பாதுகாவலராகவும் இருக்க வேண்டும்.

ஆனால் அரசைப் பாதுகாவலராக்குவதில் ஆபத்தும் உண்டு. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண் அங்கேயே வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போனது, அவரைக் காக்கத் தவறிய அதே நிர்வாகம். அவரோ குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

எனவே, அரசு இல்லங்களை நடத்தும் துறையின் கீழ் பொதுப் பாதுகாவலர் இருக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் வரம்புக்குட்பட்ட பாதுகாவல் இதற்குப் பொருந்தும்: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரையும் கேட்டு. அதற்கான அதிகாரியை அறிவிக்கும் உரிமை மாநில அரசிடம் இருக்கிறது. அந்த அதிகாரி ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.