மொச்சை பிதுக்குவதும் பாடம்தான்

மூன்று வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மாவு, மணல், தண்ணீர் என்று அளையவிடும் பெற்றோரிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னுமா ஏ, பி, சி, டி எழுதலை?" என்பதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்.கே.ஜி. நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது; இங்கே ஒன்று முறத்தில் பயறைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்பது முதலாவது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுப் பிள்ளை "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒத்துக்கொள்ளும். அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை டவராவில் ஊற்றிவிட்டு, "இப்போ எதில் அதிகம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் டம்ளரைத்தான் காட்டும், அதில் தண்ணீர் உயரமாக நிற்பதால். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கண்ணாடிக் குவளைகளை வைத்துச் செய்த சோதனை இதுதான். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற புத்தி ஆறேழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்றார் அவர். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. ஊற்றி, சிந்தி, திரும்பவும் ஊற்றிப் பார்க்கும் கைக்குத்தான் அது பிடிபடுகிறது. நூறு வரை தப்பில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு.

அடுத்து, எழுதி எழுதித்தான் கை திருந்தும் என்பது. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பும் இறுக எட்டொன்பது வயதுக்கு மேலாகிறது. விரல்களுக்குப் பலமே வராத வயதில் பென்சிலைக் கொடுத்தால், பிள்ளை அதை முழுக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தாள் கிழியும், முனை உடையும், கடைசியில் அழுகை வரும். இரவு ஊறிய மொச்சையைக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் விரலோடு தங்க, பருப்பு துள்ளி ஓடும். அழுத்தம் கூடினால் நசுங்கும், குறைந்தால் வராது. பென்சில் பிடிக்க வேண்டியதும் இதே இரண்டு விரல், இதே நிதானம். முருங்கைக்கீரை உருவுவதும் பூண்டு உரிப்பதும் இந்த வகைதான்.

எழுத்தைக்கூட விரலில் தொடங்குவது நமக்குப் புதிதில்லை. 1789-ல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி அவர் நூல் எழுத, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவவைத்த பிறகே எழுதச் சொன்னவர். விஜயதசமியன்று அரிசியில் ஒருமுறை விரல் பிடித்து எழுதவைத்துவிட்டு, மறுநாளே நாலு கோடு நோட்டு வாங்கும் அவசரம் நமக்கு எப்போது வந்ததோ!

தாமதித்தால் பின்தங்கிவிடும் என்ற பயமும் உண்டு. பின்லாந்தில் பள்ளி தொடங்குவதே 7 வயதில். நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. 11 வயதுக்குள் வாசிப்பில் இரு தரப்பும் சமமாகிவிட்டிருந்தார்கள். இங்கே யு.கே.ஜி.யிலேயே வாக்கியம் எழுதச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே சேரும் பிள்ளை முதல் சில மாதம் திணறத்தான் செய்யும். அது பள்ளியின் அவசரம். பிள்ளையின் மந்தமாக அதைக் கணக்கெழுதக் கூடாது.

இதெல்லாம் காசுள்ளவர்கள் சமாசாரம் என்பவர்கள் ஆன்லைனில் விற்கும் 'சென்சரி கிட்'டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அவற்றில் சில ஆபத்தும்கூட. தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல் மணிகளை விழுங்கினால் குடலில் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். சமையலறை போதும். பயறும் மூக்குக்குள் போகும் என்பதால் பக்கத்தில் ஆள் மட்டும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தவர்கள் பரப்பும் ஒன்றையும் மறுத்தாக வேண்டும்: தொட்டாலே போதும், மூளை தானாக வளரும் என்பது. பிள்ளையைப் பயறுத் தட்டின் முன் உட்காரவைத்துவிட்டு நாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பலன் போயிற்று. "வெந்தயம் ஊறினதும் எப்படி வழவழன்னு ஆயிடுச்சு, பார்த்தியா? கடுகைக் கொட்டினா ஓடுது, வெந்தயம் ஏன் ஓடலை?" என்று கூடவே பேச வேண்டும். கை தொட்டதற்குச் சொல் சேர்வது அப்போதுதான்.

வீடு குப்பையாகும் என்கிறார்களே, அதற்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. ஆகத்தான் செய்யும். பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். ரவையை மட்டும் கொடுக்காதீர்கள், எறும்பு வரும்.