பெட்டி ஒன்று, பெயர் நாலு

சென்ற இதழில் நெத்திலிக் கருவாட்டை மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் எடுத்து வைப்பது பற்றி எழுதியிருந்தேன். நடுவிலே போகிற போக்கில், "எங்கள் குழுவின் ஈமெயில் விலாசத்தால் நாங்கள் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். கருவாட்டை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் சகோதரிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். மசாலாப் பொடி, ஊறுகாய், தையல் என்று வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் பெண்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். அதனால் இந்தத் தடவை சமையலறைக்கு லீவு. கம்ப்யூட்டர் சமாசாரமா என்று முகம் சுளிக்காதீர்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது.

பனித்திட்டில் நாங்கள் பதினொரு பெண்கள் சேர்ந்து கருவாட்டுப் பொடி, இறால் தொக்கு, மீன் ஊறுகாய் செய்து விற்கிறோம். பொட்டலத்தில் அடைத்து விற்கிற பொருள் என்றால், புகார் சொல்ல விலாசம், போன் நம்பர், ஈமெயில் எல்லாம் மேலே அச்சடிக்க வேண்டும். லேபிள் அடிக்கப் போன அன்றைக்குத்தான் எங்களுக்கு ஈமெயிலே இல்லை என்பது ஞாபகம் வந்தது. குழுவில் ஒருத்தியின் அண்ணன் மகன், "இதுக்குப் போயி கவலப்படுவாங்களா அத்த?" என்று கையிலிருந்த போனிலேயே ஐந்து நிமிஷத்தில் இலவசமாக ஒன்று உண்டாக்கிக் கொடுத்தான். இரண்டாயிரம் லேபிள் அடித்துவிட்டோம்.

பையன் நல்ல பையன். நாலு மாதத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஊர் நம்பரை அப்படியே விட்டுவிட்டான். பாஸ்வேர்டு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. மாற்றலாம் என்று பார்த்தால், அதற்கான ரகசிய எண் அவனுடைய செத்துப்போன நம்பருக்குத்தான் போகும் என்றது. சரி, யார் நமக்கு மெயில் போடப் போகிறார்கள் என்று அலட்சியமாக இருந்துவிட்டோம்.

அவன் விடுமுறையில் வந்து பழைய லேப்டாப்பைத் திறந்தபோது உள்ளே முப்பத்தேழு கடிதங்கள் இருந்தன. பாதி விளம்பரம். ஒரு கடைக்காரர் நாலு தடவை ஆர்டர் கேட்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு விட்டிருந்தார். அது போனால் போகிறது. ஒரு கடிதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுதியது. இறால் தொக்கு பாட்டிலின் மூடி உப்பியிருந்ததாம். கவனிக்காமல் மூத்த பிள்ளைக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்துவிட்டாளாம். ராத்திரி முழுக்க வாந்தியாம். "அதே தேதி போட்ட மற்ற பாட்டில்களையும் பார்த்துவிடுங்கள், வேறு குழந்தைகளுக்கு ஆகிவிடப் போகிறது" என்று முடித்திருந்தாள். எங்களைத் திட்டிக்கூட எழுதவில்லை. கடிதத்தின் தேதிக்கும் நாங்கள் படித்ததற்கும் நடுவே ஏழு மாதம். அந்த ஈட்டில் செய்த பாட்டில் எல்லாம் எப்போதோ விற்று, யார் யார் வீட்டிலேயோ தின்று தீர்ந்துவிட்டது. உடனே பதில் எழுதினோம். அவளிடமிருந்து மறுபடி ஒன்றும் வரவில்லை.

அப்புறம்தான் சொந்தப் பெயரில் ஒழுங்காக ஒன்று ஏற்படுத்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். பி.காம். படிக்கிற என் மகளும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். சொல்லித் தரும்போது அவளுக்குப் பொறுமை கிடையாது, எனக்கோ கேள்வி ஜாஸ்தி. போகட்டும், கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஈமெயில் விலாசத்தின் நடுவே சுழித்த 'அட்' குறி இருக்கிறதல்லவா, அதை 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இஞ்சினியர் தேர்ந்தெடுத்தார். குறிக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் வீடு. வீட்டுப் பெயரை டொமைன் என்கிறார்கள். அதை வருஷ வாடகை மாதிரி பணம் கட்டி வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் கடிதம் வந்துவிடாது. அந்தப் பெயருக்கு வருகிற கடிதங்களை எந்த சர்வரில் இறக்குவது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்புக்கு எம்.எக்ஸ். என்று பெயர். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏனென்றால் எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பின்கோடு மட்டும் புதுச்சேரி நகரத்தைப் போல 605 என்று ஆரம்பிக்காமல், கடலூர்ப் பக்கத்து 607-ல் ஆரம்பிக்கும். 1972 ஆகஸ்டு 15-ல் பின்கோடு வந்ததிலிருந்தே இந்த வேடிக்கை. ஊர் ஒருவருடையது, கடிதம் இறங்குகிற இடம் வேறு. டொமைனும் அப்படித்தான். பெயரை ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு, மெயிலை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இறக்கிக்கொள்ளலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் இதைச் செய்கின்றன. நம் தமிழ்நாட்டு ஸோஹோவும் 2008 முதல் மெயில் சேவை நடத்துகிறது. மத்திய அரசு ஊழியர்களின் மெயில் பெட்டிகளே இப்போது அதன் ஏற்பாட்டுக்கு மாறியிருக்கின்றன. எதை எடுத்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி வேறு, விலாசம் வேறு. இது புரியாமல்தான் முதலில் பதினொரு பேருக்கும் பதினொரு பெட்டி கேட்க இருந்தோம். ஒவ்வொரு பெட்டிக்கும் மாதா மாதம் காசு!

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களில் மாமனார் பெயர் இருக்கும், அவருடைய பட்டப்பெயர் இருக்கும், படகின் பெயர்கூட இருக்கும். எதைப் போட்டாலும் தபால்காரர் இதே திண்ணையில்தான் போடுவார். எனக்கு வருவது "இன்னாரின் மனைவி" என்று வரும். என் பெயர் மட்டும் போட்டு வந்த முதல் கடிதத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். (அது இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியது என்பது வேறு விஷயம்.) மெயிலிலும் ஒரே பெட்டிக்கு நாலைந்து பெயர் வைக்கலாம். அதை அலியாஸ் என்கிறார்கள். மாற்றுப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அநேகமாக எல்லா இடத்திலும் அதற்குத் தனிக் காசு கிடையாது. ஒரே பெயருக்கு வருவதை மூன்று பேர் பெட்டியிலும் ஒரே சமயத்தில் விழச் செய்யவும் முடியும். அதற்குக் குரூப் என்று பெயர்.

எங்கள் ஏற்பாடு இதுதான். பெட்டி மூன்றே மூன்று. ஆர்டர் பார்ப்பவளுக்கு ஒன்று, கணக்கு எழுதுபவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இவை மூன்றும் எங்கள் சொந்தப் பெயரில். ஆனால் லேபிளில் எங்கள் பெயர் கிடையாது. 'ஆர்டர்', 'கணக்கு', 'புகார்' என்று வேலையின் பெயர்தான் அச்சாகிறது. புகார் மூன்று பெட்டியிலும் விழும். நாளைக்கு ஒருத்தி மருமகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போனாலும் மற்ற இருவர் கண்ணில் படும். லேபிளையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னொரு கூத்து: புகாரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒருத்தர் 'ஜி' போடுகிறார், ஒருத்தர் 'கே' போடுகிறார், ஒருத்தர் இரண்டு 'ஏ' போடுகிறார். தபால்காரர் என்றால் ஊகித்துவிடுவார். சர்வருக்கு ஊகிக்கத் தெரியாது. எழுத்து ஒன்று பிசகினால் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மூன்று விதமாகவும் மாற்றுப் பெயர் வைத்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டும் இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், என்ன சொல்ல!

எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே விட்டுவிடு என்று ஒரு வசதியும் உண்டு. நல்லதாச்சே என்று போட்டோம். ஒரு வாரத்தில் ஊர் குப்பையெல்லாம் வந்து விழுந்தது. எடுத்துவிட்டோம். 'போஸ்ட்மாஸ்டர்' என்ற விலாசம் மட்டும் எல்லா டொமைனிலும் இருக்க வேண்டும் என்பது மெயில் உலகத்தின் விதி. அதை என் பெட்டிக்குத் திருப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது எனக்கு அதுதான் பட்டப்பெயர்.

ஆளுக்கு என்றில்லாமல் ஒரு பொது இடத்துக்குச் சேதி வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் சேதிகளைத் திரட்டி, ரேடியோ வழியாக ஊர் ஊராக அனுப்புவார்கள். எம்பலத்தில் கோயிலிலேயே கம்ப்யூட்டரை வைத்துப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று எங்களுக்கு வடக்கே நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் போன் செய்து எச்சரித்தான். அந்தச் சேதி ஒரு வீட்டுக் காதோடு நிற்காமல் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டதால்தான் ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். அன்றைக்கு எங்கள் கரையில் நடந்ததை எழுத இன்னும் எனக்குத் தெம்பு இல்லை.

மறுபடி மெயிலுக்கு வருவோம். பெட்டி திறந்த முதல் வாரம் நாங்கள் அனுப்பியதெல்லாம் எதிராளியின் ஸ்பேம் என்கிற குப்பைத் தொட்டியில் விழுந்தது. எங்கள் பெயரைச் சொல்லி யார் கடிதம் கொண்டுபோகலாம் என்பதற்கு எஸ்.பி.எஃப். என்று ஒரு குறிப்பு, கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைக்கிற மாதிரி டி.கே.ஐ.எம். என்று ஒரு குறிப்பு. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கண்டிப்பாகிவிட்டன. மெயில் நிறுவனம் கொடுக்கிற அந்த வரிகளை, டொமைன் வாங்கிய இடத்தில் அப்படியே ஒட்டினால் போதும். எழுத்து ஒன்றுகூட விடாமல் ஒட்டுங்கள். நான் ஒரு புள்ளியை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தேன்.

ஏற்பாடு முடிந்ததும் ஒவ்வொரு விலாசத்துக்கும் வெளியிலிருந்து ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். பதிலும் போட்டுப் பாருங்கள். 'ஆர்டர்' என்ற பெயருக்கு வந்ததற்கு, பதில் நம் சொந்தப் பெயரில் போய்விடும். எந்தப் பெயரில் போக வேண்டும் என்பதை அமைப்பில் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும்.

சாவி விஷயம். நிர்வாகி என்கிற அதிகாரம் இரண்டு பெண்களிடம் இருக்கிறது. பாஸ்வேர்டு மறந்தால் ரகசிய எண் வர வேண்டிய நம்பர் எங்களுடையது. வீட்டுக்காரருடையதும் இல்லை, பிள்ளைகளுடையதும் இல்லை. போன் தொலைந்தால் உதவும் மாற்று எண்களைக் காகிதத்தில் எழுதி, உணவு லைசென்ஸோடு பீரோவில் வைத்திருக்கிறோம். டொமைனுக்குக் காசு கட்ட ஞாபகப்படுத்தும் கடிதம் மட்டும் வேறொரு விலாசத்துக்கு வருகிற மாதிரி கொடுத்திருக்கிறோம். அதே டொமைனில் இருக்கிற பெட்டிக்கு வரச் சொன்னால், டொமைன் காலாவதியான அன்றைக்குப் பெட்டியும் போய்விடும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

கணக்குப் பார்த்தவள் சிதம்பரத்துக்குக் குடிபோனபோது, அவசரப்பட்டு அவள் பெட்டியை அழிக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, வருகிற கடிதங்களைப் புதியவளுக்குத் திருப்பிவிட்டோம். 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்' என்று தெரிந்த வியாபாரி பெயரில் மெயில் வந்தால், போனில் பேசாமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் கூட்டத்தில் விளக்கியபோது, குழுவிலேயே மூத்த எங்கள் ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே, "இவ்ளோ பேரு வச்சிருக்கியே, எம் பேரு இல்லியா?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மீனை மோந்து பார்த்தே எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். இது சேரும், இது சேராது என்று தினமும் காலையில் தீர்ப்புச் சொல்வது அவர்தான். மாற்றுப் பெயருக்குத்தான் காசு இல்லையே. அவர் பெயரில் ஒரு விலாசம் வைத்து, புகாரையும் சேர்த்து அவருக்குத் தினமும் படித்துக் காட்டுகிறோம்.

போன மாதம் மீன் ஊறுகாய் புளித்த வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. பொட்டலத்தின் தேதியைப் படித்தேன். ஆயா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அன்னிக்கு மழ. மீன் காயல. நாந்தான் பரவால்லன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த ஈட்டில் கடைகளுக்குப் போனது போக பதினாலு பாட்டில் மீதி இருந்தன. கடைகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, அன்று சாயங்காலமே தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினோம்.